வாசகர் கேள்வி – பதில்: பீடத்தில் நின்றவர்களும் ஏற்றி வைத்தவர்களும்

அமெரிக்க ராணுவத் தளங்களிலிருந்து கான்ஃபெடரசித் தளபதிகளின் பெயர்கள் 2023இல் நீக்கப்பட்டதையும், 2025இல் அவை சுற்றுவழியாகத் திரும்பி வந்ததையும் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்கள் ஏராளம் என்பதால், இம்முறை முழுப் பகுதியையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: 1860 டிசம்பரில் தென் கரோலைனா முதலில் விலக, அதைத் தொடர்ந்து அடிமை முறை நிலவிய 11 தென் மாநிலங்கள் அமெரிக்க ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து அமைத்துக்கொண்ட அரசுதான் கான்ஃபெடரசி, 1861 ஏப்ரலில் தொடங்கிய உள்நாட்டுப் போரில் அது 1865இல் தோற்றது.

கேள்வி: போர் நடந்தது மாநில உரிமைகளுக்காகத்தான், அடிமை முறைக்காக அல்ல என்று என்னுடன் பணிபுரியும் தென்மாநிலத்து நண்பர் உறுதியாகச் சொல்கிறார். படித்தவர், நல்லவர். அவருக்கு என்ன பதில் சொல்வது? (டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பிரிந்து போனவர்கள் அப்போதே எழுதி வைத்ததை அவருக்குப் படிக்கக் கொடுங்கள்; நீங்கள் வாதாட வேண்டிய தேவையே இராது. 1861 ஜனவரியில் மிசிசிப்பி வெளியிட்ட பிரகடனம், தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றிலும் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே கூறிவிடுகிறது. தென் கரோலைனாவின் பிரகடனம் இன்னும் சுவாரசியமானது. தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துக் கொடுக்கவில்லை என்பதும், நியூயார்க் நீதிமன்றங்கள் தங்கள் மண் வழியாக ஓர் அடிமையை அழைத்துச் செல்வதற்குக்கூட அனுமதி மறுக்கின்றன என்பதும் அதன் முக்கியமான புகார்கள். அதாவது, நியூயார்க் தன் எல்லைக்குள் தன் சட்டத்தை நடத்திக்கொண்டதுதான் அவர்களுக்குக் குற்றமாகப் பட்டது. மாநில உரிமைக்காகப் புறப்பட்டவர்கள் அடுத்த மாநிலத்தின் உரிமை மீதே புகார் எழுதினார்கள் என்பதை உங்கள் நண்பர் எப்படி விளக்குவார் என்று கேட்டுப் பாருங்கள்.

1861 மார்ச்சில் இயற்றப்பட்ட கான்ஃபெடரசியின் அரசியல் சட்டம், அடிமைகள் மீதான சொத்துரிமையைப் பாதிக்கும் எந்தச் சட்டத்தையும் இயற்றக் கூடாதென்று தன் பேரவையைத் தடுத்தது. அதே மாதம் சவானா நகரில் பேசிய துணைக் குடியரசுத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ், வெள்ளையருக்குக் கறுப்பினத்தவர் சமமல்லர் என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்றார். தோல்விக்குப் பிறகு அதே ஸ்டீவன்ஸ், இது அரசியல் சட்ட விளக்கம் பற்றிய பிணக்கு என்று பக்கம் பக்கமாக எழுதினார். உங்கள் நண்பர் பள்ளியில் படித்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஸ்டீவன்ஸைத்தான்.

மறுபக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிங்கன் போரில் இறங்கியது ஒன்றியத்தைக் காப்பதற்காகவே. டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகிய நான்கு மாநிலங்கள் அடிமை முறையை வைத்துக்கொண்டே அவர் பக்கம் நின்றன. வடக்கு எதற்காகப் போரிட்டது என்பது போரின் போக்கில் மாறியது. தெற்கு எதற்காகப் பிரிந்தது என்பதில் அத்தகைய குழப்பம் ஏதும் கிடையாது.

கேள்வி: சிலைகளை அகற்றிக்கொண்டே போனால் வரலாற்றில் மிச்சம் என்ன இருக்கும்? பிடிக்காததை எல்லாம் அழிப்பது ஆபத்தான பழக்கமல்லவா? (வட கரோலைனாவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நியாயமான அச்சம்தான். ஆனால் அழிப்பு எப்போது நடந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

போர் முடிந்த முதல் இருபது ஆண்டுகளில் தெற்கில் எழுந்த நினைவுச் சின்னங்களில் பெரும்பாலானவை கல்லறைத் தோட்டங்களில் நின்ற எளிய கல் தூண்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் எழுப்பியவை அவை. நீதிமன்ற வாசலிலும் ஊரின் நடுச் சதுக்கத்திலும் துப்பாக்கி ஏந்திய வீரன் நிற்கும் சிலைகள் பெருவாரியாக வந்தது 1890களுக்குப் பிறகு, குறிப்பாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில். கான்ஃபெடரசியின் புதல்வியர் சங்கம் 1894இல் நாஷ்வில் நகரில் தொடங்கப்பட்டு, இவற்றுக்காக நிதி திரட்டியது. பாடநூல்களில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் கண்காணித்தது. அதே காலத்தில்தான் தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் அரசியல் சட்டங்களைத் திருத்தி எழுதிக் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்தன. லூயிசியானாவில் 1896இல் 1,30,000க்கும் மேலிருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை, 1904இல் 1,342 ஆகச் சுருங்கியது. நீதிமன்ற வாசலில் அந்தச் சிலை எழுந்தபோது, அது அங்கே நிற்கலாமா என்று வாக்களித்துச் சொல்லும் நிலையில் ஊரின் ஒரு பெரும்பகுதி இல்லை.

நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. சேப்பல் ஹில் பல்கலைக்கழக வளாகத்தில் ‘சைலன்ட் சாம்’ என்று அழைக்கப்பட்ட கான்ஃபெடரசி வீரனின் சிலை 1913 ஜூன் 2 அன்று திறக்கப்பட்டது. விழாவில் பேசிய தொழிலதிபர் ஜூலியன் கார், போருக்குப் பின்வந்த ஆண்டுகளில் தெற்கில் ஆங்கிலோ-சாக்சன் இனத்தைக் காப்பாற்றியவர்கள் இந்த வீரர்களே என்று புகழ்ந்தார். அதோடு நிற்கவில்லை. தாம் போர்முனையிலிருந்து திரும்பிய சில மாதங்களில், சிலை நிற்கும் இடத்திற்கு மிக அருகில், ஒரு கறுப்பினப் பெண்ணை அவள் பாவாடை கந்தலாகும்வரை குதிரைச் சவுக்கால் அடித்ததைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார். உரையின் பிரதி பல்கலைக்கழக ஆவணங்களில் இருக்கிறது. ஆனால் 2018இல் மாணவர்கள் இழுத்துத் தள்ளும்வரை அங்கே நின்ற சிலையின் பீடத்தில் இதில் ஒரு சொல்லும் கிடையாது. வரலாறு எங்கே இருந்தது, பீடத்திலா, ஆவணப் பெட்டியிலா?

யார் விடுபட்டார்கள் என்பதும் சிலைகளைப் போலவே பேசும். கான்ஃபெடரசியின் புகழ்பெற்ற தளபதி ஜெனரல் லீயின் கீழ் மூத்த படைத்தளபதியாக, அவர் ‘என் பழைய போர்க்குதிரை’ என்று அழைத்தவராக இருந்தவர் ஜேம்ஸ் லாங்ஸ்ட்ரீட். படைத்திறமையை மட்டும் நினைவுகூர்வதே நோக்கமென்றால் அவருக்கு ஊருக்கு ஊர் சிலை இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் போருக்குப் பின் லிங்கனின் குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். 1874இல் நியூ ஆர்லியன்ஸில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கவிழ்க்க வந்த ‘வெள்ளையர் லீக்’ ஆயுதக் கும்பலை, கறுப்பின வீரர்களும் அடங்கிய படையைக் கொண்டு எதிர்த்தார். விளைவு, கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் அவருக்கு ஒரு சிலை வர 1998 ஆகிவிட்டது. அவர் எதிர்த்த கும்பலுக்கோ நியூ ஆர்லியன்ஸ் 1891இலேயே நினைவுத்தூண் எழுப்பி, 1932இல் வெள்ளையர் மேலாதிக்கத்தைப் போற்றும் வாசகத்தையும் அதில் பொறித்தது. 2017இல்தான் அந்தத் தூண் அகன்றது. ஒன்றியப் படையில் சேர்ந்து போரிட்ட ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்களைப் பற்றித் தென் மாநிலச் சதுக்கங்கள் சொன்னதெல்லாம் மௌனம்தான். எனவே, 2017க்கும் 2021க்கும் இடையில் கிரேன் வந்தபோது வரலாறு அழிந்தது என்று என்னால் ஏற்க முடியவில்லை. அதில் பாதி சிலை வைத்த காலத்திலேயே வெட்டி எறியப்பட்டிருந்தது.

இந்த எதிர்ப்பு நம் காலத்துப் புது நாகரிகம் என்பதும் சரியன்று. ரிச்மண்டில் லீயின் மாபெரும் வெண்கலச் சிலை 1890இல் திறக்கப்பட்டபோது, அந்நகரின் கறுப்பினப் பத்திரிகையான ‘ரிச்மண்ட் பிளானட்’டின் ஆசிரியர் ஜான் மிட்செல், இச்சிலையை ஏற்றி வைத்தவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள், காலம் வரும்போது இறக்கவும் அவர்கள் இருப்பார்கள் என்று எழுதினார். 2021 செப்டம்பரில், கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான ஒப்பந்த நிறுவனம் அதை இறக்கியது.

கேள்வி: கான்ஃபெடரசிக் கொடி வெறும் பாரம்பரியச் சின்னம் என்கிறார்கள் சிலர். எங்கள் ஆளுநராக இருந்த நிக்கி ஹேலி அதைத் தலைமைச் செயலக வளாகத்திலிருந்து இறக்கியது துணிச்சலா, அரசியலா? (தென் கரோலைனாவிலிருந்து ஒரு வாசகி)

பதில்: இரண்டும்தான், அதில் குறை காண ஒன்றுமில்லை.

சிவப்புத் தளத்தில் நீலப் பெருக்கல் குறியும் 13 நட்சத்திரங்களும் கொண்ட அந்தக் கொடி கான்ஃபெடரசியின் தேசியக் கொடியாக ஒருபோதும் இருந்ததில்லை. முதல் தேசியக் கொடி அமெரிக்கக் கொடியைப் போலவே இருந்து போர்க்களத்தில் குழப்பம் விளைவித்ததால், லீ பின்னர் தலைமையேற்ற வட வர்ஜீனியப் படை ஏற்றுக்கொண்ட போர்க்கொடி அது. போருக்குப் பிறகு முதிய வீரர்களின் கூட்டங்களிலும் நினைவுநாட்களிலும் காணப்பட்ட அந்தக் கொடி, கட்சி மேடைக்குப் பெருமளவில் வந்தது 1948இல், கறுப்பினத்தவரின் குடியுரிமைகளை எதிர்த்துப் பிரிந்த தென்மாநில ஜனநாயகக் கட்சியினரால். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. 1956இல் ஜார்ஜியா அச்சின்னத்தைத் தன் மாநிலக் கொடியில் சேர்த்தது. உங்கள் மாநிலத் தலைமைச் செயலக மாடத்தில் அது ஏறியது 1961இல். போர் தொடங்கிய நூற்றாண்டு நிறைவு என்று காரணம் சொன்னார்கள். விழா முடிந்தும் பல பத்தாண்டுகள் கொடி இறங்கவில்லை; 2000இல்தான் மாடத்திலிருந்து இறங்கி, வளாகத்தில் இருந்த வீரர் நினைவுச் சின்னத்தின் பக்கத்திற்கு இடம் மாறியது.

2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டனின் இமானுவேல் தேவாலயத்தில் வேதபாட வகுப்பில் அமர்ந்திருந்த ஒன்பது கறுப்பினத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் அந்தத் தேவாலயத்தின் போதகரும் மாநில மேலவை உறுப்பினருமான கிளெமென்டா பிங்க்னி. செயலக மாடத்தில் அமெரிக்கக் கொடியும் மாநிலக் கொடியும் அரைக் கம்பத்தில் பறந்தன. கீழே வளாகத்தில் கான்ஃபெடரசிக் கொடி மட்டும் முழு உயரத்தில் பறந்தது. சட்டமன்றத்தின் அனுமதியின்றி அதைத் தொட இயலாதபடி சட்டம் இருந்தது. பிங்க்னியின் உடல் அந்தக் கொடியைக் கடந்துதான் அஞ்சலிக்காகக் கொண்டுசெல்லப்பட்டது. அதற்குப் பிறகே, மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளுடன் சட்டமன்றம் முடிவெடுக்க, ஜூலை 10 அன்று கொடி இறங்கியது.

பஞ்சாபிலிருந்து குடியேறிய சீக்கியப் பெற்றோரின் மகளான ஹேலி ஆளுநராக அதை முன்னின்று நடத்தினார் என்பது உண்மை. 2014 தேர்தல் விவாதத்தில், இந்தக் கொடியைப் பற்றி ஒரு நிறுவனத் தலைவர்கூடத் தம்மிடம் குறை சொன்னதில்லை என்று அவரே கூறியதும் உண்மை. பின்னர் 2019இல், பலருக்குத் தொண்டையும் தியாகத்தையும் குறித்த கொடியைக் கொலையாளி கடத்திக்கொண்டான் என்ற பொருளில் பேசினார். அந்த இடத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. 1948, 1956, 1961 ஆகிய ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 2015இல் புதிதாகக் கடத்திக்கொள்ள அதில் மிச்சம் அதிகமில்லை.

கேள்வி: அடிமை எவரையும் வைத்திராத ஏழை விவசாயிகளும் அந்தப் படையில் செத்தார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள் மலர் வைப்பதும் தவறா? (ஜார்ஜியாவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தவறே இல்லை. வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான்.

1862 ஏப்ரலில் கான்ஃபெடரசி கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில், இருபது அல்லது அதற்கு மேற்பட்ட அடிமைகள் உள்ள தோட்டத்திற்கு ஒரு வெள்ளையர் படையில் சேராமல் விலக்குப் பெறலாம் என்று திருத்தம் வந்தது. இது பணக்காரனின் போர், ஏழையின் சண்டை என்ற முணுமுணுப்பு தெற்கிலேயே அப்போது எழுந்தது. அந்த ஏழையின் கல்லறை கல்லறையாகவே இருக்க வேண்டும். அதைத் தொடுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. சிக்கல் எழுவது, அவனுடைய மரணத்தைக் காட்டி மற்றவர்கள் வேறொன்றை உயர்த்தும்போது.

ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் 400க்கும் மேற்பட்ட கான்ஃபெடரசியினர் அடங்கியிருக்கிறார்கள். அவர்கள் நடுவே 1914இல் எழுப்பிய நினைவுச் சின்னத்தில், வெள்ளை அதிகாரியின் குழந்தையைக் கையில் ஏந்திய கறுப்பினத் தாதியும், எஜமானனைப் பின்தொடர்ந்து போருக்குச் செல்லும் அடிமையும் செதுக்கப்பட்டிருந்தார்கள். விசுவாசமான, மனநிறைவுள்ள அடிமைகள் என்னும் கற்பனை அது. 2023 டிசம்பரில் சின்னத்தை அகற்றினார்கள்; கல்லறைகள் அப்படியே இருக்கின்றன. 2025இல் சின்னத்தைத் திரும்ப நிறுவப்போவதாகப் பாதுகாப்புத் துறை அறிவித்தது. அகற்றியதை நான் சரியென்றே கருதுகிறேன், மலர் வைப்பவரின் கை எட்டும் கல்லறைக்கு எந்தக் குறையும் நேராததால்.

போகிறபோக்கில் ஒன்று: ஊர்ச் சதுக்கங்களில் நின்ற துத்தநாக வீரன் சிலைகளை கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த ஒரு நிறுவனம் வார்த்து, வடக்குக்கும் தெற்குக்கும் சேர்த்தே விற்றது. இடைவார்ப் பட்டையின் எழுத்து முதலான சில அடையாளங்களே இரு தரப்புக்கும் வேறுபாடு. தனித்துவமான பாரம்பரியம் என்று வாதாடுபவர்கள் இதை அதிகம் குறிப்பிடுவதில்லை.

கேள்வி: ராணுவத் தளங்களின் பெயர் திரும்பியதில் ‘சுற்றுவழி’ என்று எழுதினீர்களே, அது என்ன? (மேரிலாந்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: கான்ஃபெடரசியினரின் பெயர்களை நீக்க வேண்டுமென்ற சட்டத்தை, அதிபரின் தடையாணையை மீறி, 2021 புத்தாண்டு நாளில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, ஒன்பது தளங்கள் 2023இல் பெயர் மாறின. சட்டம் இருப்பதால் பழைய மனிதர்களைத் திரும்ப அழைக்க முடியாது. ஆகவே 2025இல், அதே குடும்பப் பெயர் கொண்ட வேறு வீரர்களைத் தேடிப் பிடித்தார்கள். ஃபோர்ட் பிராக் இப்போது இரண்டாம் உலகப் போர் வீரர் ரோலண்ட் பிராக்கின் பெயரில் இருக்கிறது. ஃபோர்ட் லீயின் கதை விசித்திரமானது: 2023இல் ஆர்தர் கிரெக், சாரிட்டி ஆடம்ஸ் என்னும் இரு கறுப்பின அதிகாரிகளின் பெயரைப் பெற்ற தளம், 2025இல் ஃபிட்ஸ் லீ என்ற கறுப்பினச் சிப்பாயின் பெயரால் மீண்டும் ‘லீ’ ஆகிவிட்டது. அந்தச் சிப்பாய் விருதுக்குரிய வீரர் என்பதில் ஐயமில்லை. அவருடைய வீரத்தைவிடப் பெயர்ப்பலகையின் எழுத்துக்கள்தாம் அவரைத் தேர்ந்தெடுத்தன என்பதே வருத்தம்.

கேள்வி: இறக்கிய சிலைகளை உருக்குவது நாகரிகமா? அருங்காட்சியகத்தில் வைத்தால் போதாதா? முடிவெடுப்பது யார்? (வர்ஜீனியாவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஒரே விதி எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதே என் கருத்து. உங்கள் மாநிலத்திலேயே இரண்டு வழிகளும் இருக்கின்றன. சார்லட்ஸ்வில்லில் 1924இல் நிறுவிய லீ சிலையை அகற்ற நகர மன்றம் 2017இல் முடிவெடுத்ததும், அதை எதிர்த்து ஆகஸ்டில் வெள்ளை இனவெறியர் திரண்டதும், அந்தக் கூட்டத்தில் ஒருவன் காரை மோதி ஒரு பெண்ணைக் கொன்றதும் உலகறிந்தவை. இத்தனைக்கும் பிறகு அங்குள்ளவர்கள் 2023இல் அதை உருக்கிப் புதிய பொதுக் கலைப்படைப்புக்கு உலோகமாக்கினார்கள். உயிர்ப்பலி கொடுத்த ஊர் அப்படி முடிவெடுத்ததை வெளியிலிருந்து குறை கூற எனக்கு வாய் வரவில்லை.

இருப்பினும் என் மனம் சாய்வது ரிச்மண்டின் வழியை நோக்கியே. கான்ஃபெடரசியின் குடியரசுத் தலைவராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸின், 2020 ஜூனில் போராட்டக்காரர்கள் சாய்த்த வெண்கலச் சிலை அங்கே வேலன்டைன் அருங்காட்சியகத்தில் மல்லாந்து கிடக்கும் நிலையில் காட்சிக்கு வைக்கப்பட்டது. தலை நசுங்கியிருக்கிறது, உடம்பெங்கும் இளஞ்சிவப்புச் சாயம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அதைச் செய்த சிற்பி எட்வர்டு வேலன்டைன்தான் அந்த அருங்காட்சியகத்தின் முதல் தலைவர். தன் முதல் தலைவரின் கைவேலையைச் சாயத்தைத் துடைக்காமல், நிமிர்த்தாமல் காட்டுவதற்கு நேர்மை வேண்டும். அதை வைத்த 1907ஆம் ஆண்டும், சாய்த்த 2020ஆம் ஆண்டும் ஒரே பொருளில் தெரிகின்றன.

பெயர்த்தெடுக்கவே முடியாதவையும் உண்டு. ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டன் பாறையில் டேவிஸ், லீ, இன்னொரு கான்ஃபெடரசித் தளபதியான ஜாக்சன் மூவரும் குதிரை மீது செதுக்கப்பட்டிருக்கிறார்கள். வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் 1915இல் மறுபிறவி எடுத்த மலை அது. செதுக்கி முடிந்தது 1972இல். அங்கே சிற்பத்தின் காலத்தையும் கிளானின் கதையையும் சொல்லும் காட்சியகம் வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

யார் முடிவெடுப்பது என்பதுதான் உண்மையான சண்டை. பெரும்பான்மையாகக் கறுப்பினத்தவர் வாழும் பர்மிங்காம் நகரம் தன் பூங்காவில் நின்ற தூணை அகற்ற விரும்பியபோது, 2017இல் அலபாமா மாநிலம் இயற்றிய சட்டம் குறுக்கே நின்றது. 2020இல் 25,000 டாலர் அபராதத்துக்குத் துணிந்துதான் நகரம் அதை அகற்றியது. வர்ஜீனியாவோ 2020இல் முடிவை உள்ளாட்சிகளிடமே விட்டது, அதுவே முறை. மிசிசிப்பி மக்கள் 2001இல் கான்ஃபெடரசிச் சின்னம் தாங்கிய தங்கள் பழைய மாநிலக் கொடியே போதுமென்று வாக்களித்தவர்கள்; 2020 ஜூனில் சட்டமன்றம் அதை நீக்க, நவம்பரில் மக்னோலியா மலர் தாங்கிய புதிய கொடிக்கு 70 விழுக்காட்டுக்கும் மேல் ஆதரவளித்தார்கள். ஊர் கூடிப் பேச இடம் கொடுத்தால் மனம் மாறுவது நடக்கும்.

சில வேளைகளில் முடிவு நாம் எதிர்பார்க்கும் திசையில் இராது. செல்மாவில் 1965இல் குடியுரிமை அணிவகுப்பினர் இரத்தம் சிந்திய பாலத்திற்கு எட்மண்ட் பெட்டஸ் என்ற கான்ஃபெடரசித் தளபதியின் பெயர். பெயரை மாற்றக் கோரிக்கை எழுந்தபோது, அன்று மண்டை பிளக்க அடிபட்ட ஜான் லூயிஸே 2015இல் பெயர் அப்படியே இருக்கட்டும் என்றார். அடிபட்டவர் சொன்னதால் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. அடித்தவர்களின் பக்கத்திலிருந்து அதே வாதம் வந்திருந்தால் எனக்கு வேறு விதமாகத் தோன்றியிருக்கும்.

கேள்வி: கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றை நேரில் காட்ட விரும்புகிறோம். ஒரே ஊருக்குத்தான் போக முடியும். எங்கே போகலாம்? (டென்னசியிலிருந்து ஒரு தம்பதியர்)

பதில்: அலபாமாவின் மாண்ட்கமரி. மாநிலத் தலைமைச் செயலகத்தின் முகப்பில் ஜெஃபர்சன் டேவிஸ் 1861 பிப்ரவரியில் பதவியேற்ற இடத்தை ஒரு நட்சத்திரம் குறிக்கிறது. செல்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் 1965 மார்ச்சில் வந்து சேர்ந்ததும் அதே படிகளின் முன்னால்தான். மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்த தேவாலயம் அங்கிருந்து கூப்பிடு தூரம். பிறகு, 2018இல் திறக்கப்பட்ட அமைதிக்கும் நீதிக்குமான தேசிய நினைவகத்திற்குப் போங்கள். கும்பல் கொலைகள் நடந்த ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒன்றாக 800க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள் அங்கே இருக்கின்றன; முதலில் கண்மட்டத்தில் நிற்பவை, தரை சரியச் சரியத் தலைக்கு மேல் தொங்கத் தொடங்கும். சிறு பிள்ளைகளாக இருந்தால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பதின்ம வயதினராக இருந்தால் செயலகத்துக்கு முன்பே இங்கே வந்துவிடுங்கள், அப்போது அந்த நட்சத்திரத்தருகே நின்று அவர்கள் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும்.